போயிட்டு வரேன்

ஓய்வு பெற்ற கையோடு தன்னார்வ நர்ஸாகக் கடல் தாண்டி வந்தவளுக்கு, ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்றாம் மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கட்டில், மேஜை, சொட்டுகிற குழாய், ஒரே ஒரு சாவி. வந்து நாற்பது நாளாகியும் பெட்டி ஒன்று இன்னும் பிரிக்காமலே கிடந்தது. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றவே தெம்பிருக்காது. பெட்டியை யார் பிரிப்பது?

அந்த ஊரில் தமிழ் என்றால் அவளும் அவள் போனும்தான். ஆனாலும் தினமும் கதவைப் பூட்டும் முன் காலி அறையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்பாள்.

"யார்கிட்டம்மா சொல்றே?" என்று போனில் மகள் ஒருநாள் சிரித்தாள்.

"முப்பது வருஷப் பழக்கம்டி. கேக்க ஆளில்லேன்னா வாய் சும்மா இருக்குமா?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இடுப்பு வேறு பிடித்துக்கொண்டிருந்தது. "சரி, போறேன்" என்று அலுப்போடு சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"போறேன்னு சொல்லாதே. போயிட்டு வரேன்னு சொல்லு."

அறைக்குள்ளிருந்துதான் வந்தது. அவளுடையதைவிடக் களைத்த குரல்.

பூட்டில் நுழைத்த சாவியைத் திருப்பாமல் உருவிக்கொண்டாள். பயப்படக்கூடத் தெம்பில்லை. "போயிட்டு வரேன்" என்று திருத்திச் சொன்னாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அன்று பதினொரு பேருக்குக் கட்டு மாற்றினாள். சாயங்காலம் மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தவள் சாவியைத் தேடவில்லை. கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கதவைத் தட்டினாள்.