யார் பேர் முதல்ல?

“இன்னிக்கு அந்த ஆளோட வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்தப்போறேன், பாரு” என்றாள் ஜோசெட் ஜமிட்.

“ஏத்து. முதல்ல வேலையை வாங்கிட்டு ஏத்து” என்றான் பக்கத்து மேசை டெவிட்டா. வாய் நிறைய சாசேஜ் ரோல்.

ஜோசெட்டுக்கு டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. பத்து மணிக்கு நேர்காணல். தேறினால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர். தேறாவிட்டால் முப்பத்திநாலு வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீடு.

சுரங்கக் கூரை எங்கே, எப்போது விரிசல் விடும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. ஆஸ்திரேலியாவில், அதுவும் வுல்லங்காங் பக்கம் சுரங்கத்துக்கா பஞ்சம்? ஐந்து வருஷத்தில் பதினோரு ஆய்வுக் கட்டுரை. பதினொன்றையும் எழுதியது அவள். பதினொன்றிலும் முதல் பெயர் துறையின் மூத்தவர் மர்ரே ஆல்டர்சன். கடைசிப் பெயர் ஜமிட்.

கேட்டால் சிரிப்பார் மர்ரே. “நம்ம கணிதக்காரங்க வழக்கம் அது, ஜோசெட். ஆங்கில அகரவரிசை. நான் ஏ, நீ இசட். சண்டை போடணும்னா உங்க தாத்தாவோட போடு.”

“அந்த மனுஷன் செஞ்சது என்ன தெரியுமா?” என்றாள் டெவிட்டாவிடம். “மூணாவது கட்டுரையில ஒரு கழித்தல் குறி விட்டுப்போச்சுன்னு சொன்னார். அவ்வளவுதான்.”

“அது இல்லாம உன் சுரங்கக் கூரை மேல பாத்து விழுந்துச்சே, ஜோ.”

“அதுக்குப் பதினோரு கட்டுரையா? ஊரே ‘ஆல்டர்சன் முறை’ங்குது. பெர்த் மாநாட்டுல ஒருத்தன் என் முறையை எனக்கே பாடம் எடுத்தான்டா! நடுவுல ‘உங்களுக்குப் புரியுதா’ன்னு வேற கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்கன்னேன்.”

யார் எந்தப் பக்கத்தை எழுதினார்கள் என்று தேதியோடு நாலு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உள்ளே மூன்று பேர். மூன்று பேரும் எஞ்சினியர்கள். கணிதத் துறையை எஞ்சினியரிங்கோடு ஒட்டி நாலு வருஷமாகிறது. இன்னும் ஒட்டவில்லை.

நடுவில் டீன் லோர்னா பிக்ஃபோர்ட். ஜோசெட் தாள்களை எடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“பதினோரு கட்டுரை. பதினொண்ணுலயும் உங்க பேர் கடைசி.”

“அதைப் பத்தித்தான் நான்...”

“அடக்கமெல்லாம் வேண்டாம். எங்க எஞ்சினியரிங்ல கடைசிப் பேர்னா குழுவையே நடத்துறவங்க. முதல் பேரு, சொன்னதைச் செய்யற எடுபிடி. இந்த ஆல்டர்சன் யாரு, மூணாவது மாடியில செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு நடப்பாரே, அவரா? இந்த வயசுலயும் முதல் பேரா இருக்காரே, பாவம்.”

ஜோசெட் வாயைத் திறந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம்தான். ‘அது வெறும் அகரவரிசை, அவர் என் எடுபிடி இல்லை.’ அவ்வளவு போதும். நியாயம் நியாயம் என்று ஐந்து வருஷம் கத்தியவளுக்கு அது வாயில் வரவில்லை. நாலு தாளும் மெல்லப் பைக்குள் போயின.

“மர்ரே... நல்ல உழைப்பாளி” என்றாள்.

“எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“பொறுமையாத்தான். சொல்லிக் கொடுத்தா புரிஞ்சுக்குவார்.”

லோர்னா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

“வாழ்த்துகள், ஜோசெட். வேலை உங்களுக்குத்தான். அதோட இன்னொண்ணு. எட்டு மாசமா உங்க கணிதத் துறைக்குத் தலைவர் இல்லை. ஜனவரியிலேர்ந்து நீங்கதான். மூணு வருஷம். கால அட்டவணை, மாணவர் புகார், பார்க்கிங் தகராறு, வாரத்துக்கு ஒன்பது மீட்டிங். ஆராய்ச்சிக்கு நேரம் இருக்காது. தலைமை தாங்கிப் பழகினவங்களுக்கு இதெல்லாம் என்ன?”

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும். “சந்தோஷம்” என்றாள் ஜோசெட். முகம் அப்படிச் சொல்லவில்லை.

நேரே மூன்றாவது மாடி. மர்ரே அப்போதுதான் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

“மர்ரே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று கதவருகிலேயே கொட்டினாள். “நீங்க என் எடுபிடின்னு நினைச்சுட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லலை.”

“இப்பத்தான் லோர்னா போன்ல சொன்னாங்க. சொல்லிக் கொடுத்தா புரிஞ்சுக்குவேனாமே.” அவர் சிரித்தார். “உட்காரு. அவங்க அப்படியெல்லாம் நினைக்கலை. உனக்கு நான் கொடுத்த சிபாரிசுக் கடிதத்துல முதல் வரியே அதுதான். ‘பதினொண்ணும் ஜோசெட்டோட வேலை. என் பேர் முதல்ல இருக்கறது வெறும் அகரவரிசை.’ அதைப் படிச்சுட்டு நேத்தே உனக்கு வேலையை முடிவு பண்ணிட்டாங்க.”

ஜோசெட் உட்காரவில்லை. விழுந்தாள், நாற்காலியில்.

“நேத்தேவா? அப்புறம் எதுக்கு அந்த லோர்னா என்கிட்ட அப்படிக் கேட்டாங்க?”

“அது துறைத் தலைவர் பதவிக்கு. கூட இருக்கறவன் தலையில காலை வெச்சு மேல ஏறக் கூசாத ஆள்தான் அந்த நாற்காலியில தாக்குப் பிடிப்பாங்களாம். உனக்கு முன்னாடி அஞ்சு பேருக்கு இதே மாதிரி கொக்கி போட்டுப் பார்த்திருக்காங்க. அஞ்சு பேரும் உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டாங்க.”