தூரத்துச் சந்தை

காய்கறிப் பையை இறக்கி வைக்க வாசலோரம் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அவள் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நின்றால் மூச்சு வாங்குகிறது. ஐந்து மாதமாக அப்படித்தான்.

இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் குத்துமதிப்பாகச் சொன்னபோது வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் இருந்தார். இருக்கிற வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றதற்கு நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்துதான் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள சந்தைக்கு நடக்க ஆரம்பித்தார்.

தெருமுக்கிலேயே கடை இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அங்கே எல்லாம் யானை விலை, சந்தையில் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பார். எட்டு மணிக்குப் பையோடு கிளம்பினால் திரும்பப் பன்னிரண்டரை ஆகிவிடும். பஸ்ஸில் போனால் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கே சரியாகிவிடுமாம், அதனால் நடை. செருப்பு தேய்வது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

வந்ததும் நனைந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே ஒப்பிப்பார். கத்தரிக்காயில் ஆறு ரூபாய் மிச்சம், வெங்காயத்தில் பத்து. மொத்தத்தில் நாளுக்கு முப்பது தேறும்.

முப்பதுக்கு நாலரை மணி நேரம். வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இவளோ, தன் மருந்துச் செலவுக்காகத்தானே இந்த மனுஷன் வேகாத வெயிலில் நாயாய் அலைகிறார் என்று உருகிப்போனாள். வாய்விட்டு ஒரு அன்பு வார்த்தை சொல்லத் தெரியாத ஆள், காலால் நடந்து காட்டுகிறார்.

ஆனாலும் அவளுக்கு அந்த நாலரை மணி நேரம் வேண்டியிருந்தது. மருந்தைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

அதனால் கணக்குப் போட்டாள். நாளுக்கு முப்பது என்றால் மாதத்துக்குத் தொள்ளாயிரம். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகளை வரவழைத்து, அவர் வெளியே போயிருக்கும் நேரமெல்லாம் படுத்துக்கொண்டே பொத்தான் தைத்தாள். சட்டைக்கு ஏழு பொத்தான். விரல் நுனியெல்லாம் பொத்துப்போயிற்று. தொள்ளாயிரம் சேர ஏழு வாரம் பிடித்தது.

கையில் இருப்பதே நாலு காசு போன்ற நாட்கள். அதில் ஏழு வாரத்தைக் கொட்டிக் கொடுத்து, ஒரு மாதத்துக் காலைப்பொழுதை வாங்குவது என்ன வியாபாரம் என்று கேட்டால், அவளைப் பொறுத்தவரை கொள்ளை மலிவு.

இன்று அவர் கிளம்பிப் போனதும் முக்குக் கடைக்குப் போன் செய்து, காய்கறியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். அவர் வந்து நின்றதும் பணத்தைக் கையில் திணித்து, "ஏங்க, நாளையிலிருந்து உங்க காலை நேரம் எனக்கு, விலை கொடுத்து வாங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் கடைக்காரி வந்தாள். கையில் இரண்டு பைகள். ஒன்று, அவருடைய பழைய கால்சட்டைத் துணியில் இவளே தைத்த பை. காலையில் அவர் தோளில் மாட்டிக்கொண்டு போனது.

"அண்ணன் பையையும் கையோட எடுத்துட்டு வந்துட்டேன்க்கா. தினம் எட்டு மணிக்கே எல்லாம் வாங்கி எங்கிட்டயே வச்சிட்டுப் போயிடுறாரு. மத்தியானம் எடுக்கறதுக்குள்ள கீரை வாடிப்போகுது."

இரண்டு பையிலும் ஒரே கத்தரிக்காய். ஒரே யானை விலை.

அப்புறம் எங்கே போகிறார் என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து வந்து, கடைக் குழாயில் முகம், சட்டை எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு பையைத் தூக்குவாராம். வெயில் தாங்க முடியலை போல, பாவம் என்றாள் கடைக்காரி.

"கூட யாரும்மா இருப்பா?"

ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. இருந்தால் அவளை மண்ணை வாரித் தூற்றலாம், அழலாம், அவர்மேல் ஆத்திரப்படலாம்.

"யாரும் இல்லக்கா. பேப்பர்கூட படிக்க மாட்டாரு. தனியா சும்மா உக்காந்திருப்பாரு."

அவள் இரண்டு பைகளையும் திருப்பிக் கொடுத்தாள். அவருடையதை இருந்த இடத்திலேயே வைத்துவிடும்படியும், போன் செய்ததை மறந்தும் சொல்லிவிட வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து வெகுநேரம் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு அவர் வந்தார். சட்டையை உதறிக் கொடியில் போட்டார். வெங்காயத்தில் பதினொன்று மிச்சம் என்றார்.

"ஏங்க, மலையடிவாரத்துல ஒரு சந்தை இருக்காம். இதைவிடச் சல்லிசாம். என்ன, போயிட்டு வர சாயங்காலம் ஆயிடுமாம்."

அவர் முகம் மலர்ந்தது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டே, டாக்டர் நாள் சொன்ன பிறகு முதல் தடவையாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்படி ஒரு சந்தையே கிடையாது. அவள் வழியை மெதுவாக, ஒவ்வொரு திருப்பமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.