நாலு பேருக்கு இடம்

இளையவன் படகுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

வெள்ளம் வடிந்துவிட்டதால் மீட்புப் படகுகளைக் கழுவி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்ல வந்த கூட்டம் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது.

"கை குலுக்குறவங்க அந்தப் பக்கம், சட்டையப் பிடிக்கிறவங்க இந்தப் பக்கம். வரிசையில வாங்கப்பா," என்றான் லாரியின் மேல் நின்றவன்.

யாரும் சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டிக்குக் கால் ஒடிஞ்சு தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நான் வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். எங்கண்ணன் கழுத்தளவு தண்ணில நடந்து வந்து உங்க ஆளுங்க கால்ல விழுந்திருக்கார். ஒருத்தன்கூட வரல. விடியறதுக்குள்ள தண்ணி கூரையத் தொட்டுடுச்சு. ஏன்யா வரல? அத மட்டும் சொல்லு."

"விடுடா. சண்டை போட்டா அவ திரும்பி வந்துடுவாளா? வா, வண்டில ஏறு," என்றார் அண்ணன்.

அண்ணன் கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். என்ஜினை அணைக்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. இங்கே வரவே வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர்தான் அழைத்து வந்திருந்தார்.

வீட்டின் முன்போர்ஷனில் அண்ணன் குடும்பம், பின்போர்ஷனில் இவனும் மனைவியும். அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்ததிலிருந்து பின்போர்ஷன் சேற்றை வாரிக் கொட்டியது வரை எல்லாம் அண்ணன்தான். இவனை ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடவிடவில்லை.

படகுக்காரர் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "அந்தத் தண்ணி இழுப்புல நடந்தா வந்தாரு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு, "எந்த வீடு தம்பி?" என்றார்.

தெருப் பெயரைச் சொன்னான்.

"பேர்ப் பலகையெல்லாம் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. எங்களுக்கு வீட்டோட தலைதான் தெரியும். மேல என்ன இருக்கும், அதச் சொல்லுங்க."

"முன்பக்கம் காகிதப்பூக் கொடி மொட்டை மாடி வரைக்கும் ஏறியிருக்கும். மேல ரெண்டு டேங்க். ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை."

படகுக்காரர் கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கீறல், பொருக்குத் தட்டியிருந்தது.

"அந்தக் கொடியோட முள்ளு கிழிச்சதுதான் இது. மொத நாள் சாயங்காலமே வந்தோமே தம்பி. முன்னாடி இருந்த நாலு பேரையும் ஏத்தினோம்."

இளையவனின் பிடி தளர்ந்தது. "பின்னாடி?"

"கேக்காம வருவோமா? நடக்க முடியாதவங்க இருந்தா அவங்கதான் முதல்ல. படகுல நாலு பேருக்குத்தான் எடம். ஒருத்தரப் படுக்க வச்சா மத்தவங்க அடுத்த நடை வரைக்கும் நிக்கணும். இதச் சொல்லித்தான் கேட்டோம். பின்னாடி யாருமே இல்லைன்னாரு அந்த சார். மழைச் சத்தத்துல வேற எதுவும் காதுல விழல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆள் இல்லைன்னு சொன்ன வீட்டுக்கு எந்தப் படகும் மறுபடி போகாது தம்பி."

"எந்த சார்?"

"இருட்டு, மழை. மூஞ்சியெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு? அவரு, அவரு சம்சாரம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

இளையவன் மெதுவாகத் திரும்பினான். அண்ணன் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, அவனுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அடுத்த படகு வரும்னு நெனச்சேன்டா."