மத்தியானமே திரும்பியவர்கள்

ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் கிரேன் ஓட்டுகிறவருக்கு முழுநாள் லீவு. அதைத் தூங்கியே கழிக்க நினைத்திருந்தார்.

"வெளிநாட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சு. பக்கத்து நாட்டு அருவியைக்கூட இன்னும் பார்க்கலை" என்று மனைவி மூக்கால் அழுததால், விடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அருவியில் தண்ணீரைவிடக் கூட்டம் அதிகம். மூன்று பேர் செருப்பிலும் செஞ்சேறு அப்பியது. மகளின் செருப்பு வார் அறுந்துபோக, மனைவி ஊக்கு மாட்டிவிட்டாள். "பேசாம வீட்லயே கிடந்திருக்கலாம்" என்று அவர் நாள் முழுக்க முனகினார்.

சாயங்காலம் எல்லையில் அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் மத்தியானமே திரும்பிட்டீங்களே."

முத்திரை இருந்தது. கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்தது. அதிகாரியும் களைத்துப்போயிருந்தார், போங்கள் என்று கையை அசைத்துவிட்டார்.

"மிஷின் கோளாறா இருக்கும்" என்றாள் மனைவி.

வீட்டு வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அவற்றில் செஞ்சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. சின்ன ஜோடியில் ஓர் ஊக்கு. மகள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் ஊக்கு இருந்தது.

சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. மணியை அழுத்தினார்.

"யாரா இருந்தாலும் அப்புறம் வரச் சொல்லு. இப்பத்தான் கண்ணசந்தேன்" என்று உள்ளேயிருந்து அவர் குரலே கேட்டது.

கதவின் கண்ணாடித் துளை ஒரு நொடி இருண்டது. பிறகு, அவர் பக்கத்தில் வாயைப் பொத்தி நின்ற மனைவியின் குரல் உள்ளே சொன்னது:

"யாரும் இல்லைங்க. நீங்க தூங்குங்க."