கொட்டிலுக்குள் ஒரு துவக்கு

"இஞ்சேருங்கோ, சுடாத துவக்கெண்டாலும் துவக்குத்தானே? எங்கடை அகதி கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸ் கண்டால் ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள்," என்றாள் தவமலர்.

எட்மண்டன் நகர வீட்டின் பின்கொட்டிலில், கையால் சுற்றினால் ஆறு குழல்களும் சுழலும் பழங்காலத் துவக்கின் மாதிரியைச் செய்துகொண்டிருந்த அம்பலவாணன் சிரித்தார்.

"விசர்க்கதை கதையாதையும். எங்கடை மொடல் செய்யிற கிளப்பிலை எல்லாரும் செய்யிறதுதான்."

வாசல் மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். சீருடையில் ஒரு பொலிஸ்காரர்!

"அம்பலம் கொட்டிலிலா?" என்று கேட்டபடி அவர் உள்ளே நடந்தார். தவமலர் முந்தி ஓடிப்போய்ப் பித்தளைக் குழல்களை மறைத்து நின்றாள்.

"இது இடியாப்ப உரல் சேர், நூடுல்ஸ் மெஷின்!"

அம்பலவாணன் தலையில் கைவைத்தார். பொலிஸ்காரர் பையிலிருந்து பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஷிப்ட் முடிந்து நேரே வருகிறேன், மேடம். உங்கள் நூடுல்ஸ் மெஷினுக்கு நான் கிளப்பில் கடைந்த கைப்பிடி இது."