நான்காவது ஸ்டென்ட்

எனக்கு ஈரல் மாற்றிய ஆறாவது மாதம் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் நமைச்சல் எடுத்தது. புது ஈரலைச் சேர்த்துத் தைத்த இடத்தில் பித்தக் குழாய் சுருங்கிவிட்டதாம். மதுரையில் டாக்டர் வாய் வழியாகக் கருவியை விட்டு, குழாயை விரித்துப் பிடிக்க மூன்று பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார். மூன்று மாதம் கழித்து எடுக்கும்போதும் வழி விரியாமல் இருந்தால் மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார்.

எடுத்த அன்று மயக்கம் தெளிந்து பார்த்தால், தட்டில் நான்கு இருந்தன. மூன்று பிளாஸ்டிக். நான்காவது, விரல் நீள வெங்காயத்தாள். வாடவில்லை. முனையில் ஈரமண் ஒட்டியிருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவரே, வழி நல்லா விரிஞ்சிருக்கு. இனி ஸ்டென்ட் வேண்டாம்" என்றார். வெங்காயத்தாளை இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

வெளியே வந்து மனைவி வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்ம பூண்டி ஊரு கேரட் தோட்டத்துல வாய்க்கா அடைச்சா, தண்ணி போகட்டும்னு வெங்காயத்தாளச் சொருகுவோம்ல. ஒங்களுக்கும் அடைச்சுக் கெடக்குன்னு டாக்டரு சொன்னாரா, மனசு கேக்கல. ஸ்டென்ட் வச்சு ஊருக்குத் திரும்புன அன்னைக்கே வாய்க்கால்ல சொருகி வச்சேன்."

"கூறுகெட்டவளே, நான் என்ன கேரட் தோட்டமா?"

"அது சரிங்க. ஆனா நான் ரெண்டுல்ல சொருகுனேன்!"

ஒரு வருடம் ஆகிறது. கண் வெள்ளையாக இருக்கிறது. குழாய் திறந்திருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை என்கிறது ஸ்கேன். வெங்காயம் சாப்பிடாத நாளிலும் ஏப்பத்தில் பச்சை வெங்காய வாசம் வருகிறது, அவ்வளவுதான்.