எட்டு கிலோ குப்பை

அடுத்த வீட்டு வாசலில் இருந்த குப்பைப் பக்கெட்டுக்குள் கையை விட்டு, இரண்டு பிடி அள்ளித் தன் பக்கெட்டில் போட்டுக்கொண்டார் கண்டக்டர்.

திருட்டுத்தான். உலகத்தில் நகையைத் திருடுவார்கள், செருப்பைத் திருடுவார்கள். குப்பையைத் திருடின ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

என்ன செய்ய? அபார்ட்மென்ட் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களே. மாதம் எட்டு கிலோவுக்குக் குறைவாக மக்கும் குப்பை கொடுக்கிற வீட்டுக்கு, உரக்கிடங்கு வண்டி இனிமேல் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருமாம்.

தனி ஆள் வீட்டில் எட்டு கிலோவுக்கு எங்கே போவது? மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அவ்வளவுதான். முப்பது வருஷம் பஸ் கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்த மனுஷனுக்கு, இப்போது தினமும் காலிங்பெல் அடிக்கிற ஒரே ஜீவன் குப்பை எடுக்கிற வண்டியம்மாதான். அவளும் கொஞ்சிப் பேச வருவதில்லை, திட்டத்தான் வருவாள். திட்டினால் என்ன, அதுவும் பேச்சுதானே!

பெல் அடித்தது.

வண்டியம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"கண்டக்டரய்யா, இது என்ன?"

"குப்பைம்மா."

"அது தெரியுது. கரும்புச் சக்கை. உங்க வாயில ஒரு பல்லு கிடையாது. யாரு கடிச்சுத் துப்புனது?"

கண்டக்டர் தன் பக்கெட்டையே புதிதாகப் பார்ப்பவர் மாதிரி எட்டிப் பார்த்தார்.

"அது... விருந்தாளி வந்திருந்தாங்க."

"உங்க வீட்டுக்கு விருந்தாளியா? நான் பார்த்ததே இல்லியே."

சுருக்கென்றது அவருக்கு. அதற்கு மேல் பொய் வரவில்லை.

"வாரத்துக்கு ஒரு நாள்னு ஆயிட்டா, மத்த ஆறு நாளும் நான் யாரோடம்மா பேசறது?"

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சக்கையை அள்ளி, அடுத்த வீட்டுப் பக்கெட்டிலேயே திரும்பப் போட்டாள்.

"அதுக்காக அடுத்தவங்க பக்கெட்டுல கை வைப்பீங்களா? இன்னொரு தரம் பார்த்தேன், செக்ரட்டரிகிட்ட சொல்லிடுவேன். எடை இல்லைன்னா தினசரி வண்டி லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சரியான கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் எடுக்கவில்லை. தினமும் ஒரு வாழைப்பழத் தோல், இரண்டு ஸ்பூன் டீத்தூள். அவள் எடை போட்டு நோட்டில் எழுதும்போது வெட்கத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். இந்த பெல் சத்தமெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று காலண்டரில் எண்ணிப் பார்ப்பார்.

மாசக் கடைசியில் லிஃப்ட் பக்கத்தில் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் போய்ப் பார்த்தார். தினசரி வண்டி வரும் வீடுகளில் அவர் வீட்டு நம்பரும் இருந்தது. எட்டு கிலோ இருநூறு!

வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு டிக்கெட் குறையாமல் கிழித்துக் கொடுத்த மனுஷனுக்கு உறுத்தியது. மறுநாள் பெல் அடித்ததும் கேட்டேவிட்டார்.

"ஏதோ தப்பு நடந்திருக்கும்மா. என் வீட்டுல அவ்வளவு வராது."

"தப்பாவது, ஒண்ணாவது. தராசு பொய் சொல்லுமா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்களே பாருங்க."

பக்கெட்டைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்தார். பக்கெட் எடை போக முந்நூறு கிராம் என்று காட்டியது முள்.

பக்கெட்டின் அடிவிளிம்பை அவளுடைய இன்னொரு கைச் சுண்டுவிரல் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.